ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளைக்கு கிரேனியல் ஆஸ்டியோபதி தேவையா?

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

"பையனுக்கு 9 வாரம். லண்டனில் இருக்கிறோம். 22 மணி நேரம் வலி. தலையில் ஒட்டி உறிஞ்சி இழுக்கும் வென்டூஸ் கிண்ணம் இரண்டு தடவை கழன்றுவிட்டது. கடைசியில் ஆயுதம் (ஃபோர்செப்ஸ்) போட்டு எடுத்தார்கள். பிறந்ததும் அழுதான், என்னோடேயே வார்டுக்கு வந்தான். இப்போது தலையின் பின்புறம் வலப்பக்கம் தட்டையாகிவிட்டது. எந்நேரமும் வலப்பக்கமே பார்க்கிறான். இடது மார்பில் நன்றாகக் குடிக்கிறான். வலது மார்பில் வைத்தால் வாயை எடுத்து எடுத்து அழுகிறான். சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பித்தால் 10 மணி வரை ஓயாத அழுகை. எடை சரியாக ஏறுகிறது. கணவரின் நண்பர் கிரேனியல் ஆஸ்டியோபதிக்கு, அதாவது தலையை மெல்லத் தொட்டுச் செய்யும் கை வைத்தியத்துக்கு, போகச் சொன்னார். விசாரித்தோம். 'பிறக்கும்போது பட்ட அழுத்தம் மண்டையின் அடியில் தங்கிவிட்டது, 6 முறை வர வேண்டும், ஒரு முறைக்கு 65 பவுண்டு' என்றார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், 'உரம் விழுந்திருக்கு, சேலையில் போட்டு உருட்டினால் சரியாகிவிடும்' என்கிறார். எதைச் செய்வது? ஒன்றும் செய்யாமல் விட்டால் மூளை வளர்ச்சி பாதிக்குமா? இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தால் ஆயுதமே தேவைப்பட்டிருக்காதோ என்று தினமும் நினைக்கிறேன்."

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முக்காததால் ஆயுதம் போடவில்லை. தலை இடுப்பெலும்புக்குள் எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கிறது, குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி இருக்கிறது, 22 மணி நேரத்துக்குப் பிறகு கருப்பைத் தசையில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த முடிவு எடுக்கப்படுகிறது. தாயின் மனவுறுதி அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இனி பிள்ளைக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள்: ஒரே பக்கம் திரும்பும் கழுத்து, தட்டையான தலை, சாயங்கால அழுகை. வலது மார்பில் குடிக்க மறுப்பது முதலாவதன் கிளை என்றே நினைக்கிறேன். மூன்றுக்கும் காரணம் வேறு, சரியாகும் காலமும் வேறு. லண்டனில் உங்களிடம் பேசியவர் மூன்றையும் 'பிறப்பின் அழுத்தம்' என்ற ஒரே சொல்லில் கட்டினார். உங்கள் மாமியார் அதே மூன்றையும் 'உரம்' என்ற ஒரே சொல்லில் கட்டுகிறார். கண்ணால் பார்த்தது இருவருக்கும் சரிதான், பிள்ளை ஒரு பக்கமே திரும்புகிறான், அழுகிறான். ஆனால் ஒரே முடிச்சாகக் கட்டிவிட்டால், இவற்றில் எதை உடனே கவனிக்க வேண்டும், எதைக் காலத்திடம் விடலாம் என்று தெரியாமல் போகிறது. உடனே கவனிக்க வேண்டியது கழுத்து.

காதுக்குப் பின்னாலிருந்து சாய்வாக இறங்கி, மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் ஒட்டும் நீண்ட தசை ஒன்று கழுத்தின் இரு பக்கமும் உண்டு. கருப்பைக்குள் இடம் குறுகிக் கிடந்ததாலோ, கடினமான பிரசவத்தில் இழுபட்டதாலோ சில குழந்தைகளுக்கு அதில் ஒரு பக்கம் இறுகிவிடும். இடப்பக்கத் தசை இறுகினால் தலை இடது தோளை நோக்கிச் சாயும், முகவாய் வலப்பக்கம் திரும்பும். இதை டார்ட்டிகோலிஸ் என்பார்கள். பிறந்து 2 முதல் 4 வாரத்தில் அந்தத் தசைக்குள் சிறு நெல்லிக்காய் போல ஒரு கட்டி தட்டுப்படலாம். அது புற்றோ நிணநீர்க் கட்டியோ அல்ல, தசை நாரின் தடிப்பு, சில மாதங்களில் கரைந்துவிடும். ஆனால் அதை ஒரு முறை மருத்துவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

உங்கள் மகனுக்கு இதுதானா என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. இரண்டு விஷயங்களை நீங்களே பார்க்கலாம். அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் உங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு மெல்ல அவனுடைய இடப்பக்கம் நகருங்கள். கண் மட்டும் வருகிறதா, தலையும் வருகிறதா, பாதி வழியில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு வலப்பக்கம் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, பால் குடிக்கும்போது. வலது மார்பில் வழக்கம் போல மடியில் குறுக்காகக் கிடத்தினால் அவன் இடப்பக்கம் திரும்பித்தான் வாய் வைக்க வேண்டும். அதுதான் அவனுக்கு வராத பக்கம். அதே வலது மார்பில், அவன் உடம்பை உங்கள் வலது அக்குளுக்கு அடியில் செருகி, கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி பிடித்துக் கொடுத்துப் பாருங்கள். இப்போது அவன் வலப்பக்கம் திரும்பினால் போதும். இப்படிப் பிடித்தால் மறுப்பில்லாமல் குடிக்கிறான் என்றால், தடை பாலிலோ மார்பிலோ மண்டையோட்டிலோ இல்லை, கழுத்தில் இருக்கிறது. இதில் இன்னொரு நன்மை, அந்தப் பக்கம் பால் கட்டிக்கொள்ளாமல் இன்றைக்கே வடிந்துவிடும். எப்படிப் பிடித்தாலும் இரண்டு மார்பிலும் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது, காம்பு வலிக்கிறது என்றால் நாக்குக்கு அடியில் உள்ள தசைநார் இறுக்கத்தைத் தாய்ப்பால் ஆலோசகர் பார்க்கட்டும்.

கழுத்து இறுக்கத்துக்கு வைத்தியம் குழந்தைகளுக்கான பிசியோதெரபி. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு குறைந்த காலத்தில் முடியும். முதல் மூன்று மாதத்தில் ஆரம்பித்தால் பெரும்பாலும் சில வாரம் முதல் சில மாதங்களில் சரியாகிவிடுகிறது, 6 மாதத்துக்குப் பிறகு என்றால் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே இந்த வாரமே உங்கள் ஜி.பி.யையோ (குடும்ப மருத்துவர்) ஹெல்த் விசிட்டரையோ (குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியர்) அழைத்து, "என் குழந்தை ஒரே பக்கம் திரும்புகிறான், டார்ட்டிகோலிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குழந்தைகள் பிசியோதெரபிக்கு அனுப்புங்கள்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். 'தலை சரியில்லை' என்று மட்டும் சொன்னால், 'வளர வளர சரியாகும்' என்ற பதில்தான் கிடைக்கும். கூடவே இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து இறுகிய குழந்தைகளில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் காணப்படுகிறது. 6 முதல் 8 வாரப் பரிசோதனையில் தொடையை விரித்துப் பார்த்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுக்கட்டும்.

பிசியோதெரபிஸ்ட் நேரில் காட்டித் தருவதற்கு முன் தசையை இழுக்கும் பயிற்சிகளை நீங்களாகச் செய்ய வேண்டாம். அவர் பெரும்பாலும் இரண்டைக் கற்றுத் தருவார். ஒன்று, தோள் எழும்பாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையை அகல விரித்துத் தலையை ஏந்தி, மூக்கு இடது தோளைப் பார்க்கும் வரை மெல்லத் திருப்புவது. மற்றது, இடது தோளைத் தாழ்த்திப் பிடித்து, வலது காது வலது தோளை நோக்கிப் போகும்படி சாய்ப்பது. சில விநாடி முதல் அரை நிமிடம் வரை பிடித்து, இரண்டு மூன்று முறை, டயப்பர் மாற்றும் நேரங்களில் செய்யலாம். நடுவில் பிள்ளை எதிர்த்துத் தள்ளினால் விட்டுவிட வேண்டும். பலத்தால் இந்தத் தசை நீளாது, நாள் தவறாமல் செய்தால்தான் நீளும்.

பயிற்சி தொடங்கும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. அவன் வலப்பக்கம் பார்ப்பதற்குக் காரணம் தசை மட்டுமல்ல, அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது. தொட்டிலை ஒரு முறை கவனியுங்கள். சுவர் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம், நீங்கள் படுப்பது எந்தப் பக்கம்? நீங்களும் வெளிச்சமும் அவனுடைய இடப்பக்கம் வரும்படி தொட்டிலைத் திருப்பிப் போடுங்கள், அல்லது தலைமாடு கால்மாட்டை மாற்றிப் படுக்க வையுங்கள். எப்படி வைத்தாலும் பாதம் தொட்டிலின் ஒரு முனையைத் தொடுகிறபடி இருக்கட்டும். புட்டியில் கொடுக்கும் நேரங்களில் உங்கள் வலது கையில் ஏந்திக் கொடுங்கள், அவன் உங்களைப் பார்க்க இடப்பக்கம் திரும்புவான். மாமியாருக்கும் இதில் பெரிய வேலை உண்டு. தாலாட்டோ கதையோ, அவர் உட்கார வேண்டியது எப்போதும் பேரனின் இடப்பக்கம். பாட்டியின் குரல் வரும் திசைக்குத் திரும்பாத பிள்ளை குறைவு.

விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஒரு நாளில் சேர்த்து 30 நிமிடமாவது வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் கொடுத்த அளவு. தரையில் அழுதால், நீங்கள் சாய்ந்து படுத்து உங்கள் மார்பின் மேல் குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் கணக்கில் சேரும். பால் கொடுத்த உடனே வேண்டாம், கக்குவான். தூங்கும்போது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குப்புறவோ ஒருக்களித்தோ போடாதீர்கள். பிரிட்டனில் 1991இல் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்ற பிரசாரம் தொடங்கிய பிறகுதான் தொட்டில் மரணங்கள், அதாவது தூக்கத்திலேயே குழந்தை திடீரென இறப்பது, பெரிதும் குறைந்தன. தட்டைத் தலைகள் அதிகமானதற்கும் அதே பழக்கம் ஒரு காரணம்தான், ஆனால் தட்டைத் தலையால் உயிர் போவதில்லை.

தலைக்கு வருகிறேன். பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. பல தகடுகள், நடுவில் நெகிழும் சவ்வு. பிரசவ வழியில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலையை நீளமாக்கும், சில நாட்களில் தானே இறங்கிவிடும். வென்டூஸ் கிண்ணம் எழுப்பிய புடைப்பு ஓரிரு நாளில் வற்றும். ஆயுதத் தடமும் அப்படியே. எலும்பின் மேல்தோலுக்கு அடியில் இரத்தம் கட்டிய உருண்டை, அதாவது செபல்ஹெமட்டோமா இருந்திருந்தால் அது கரைய வாரங்கள் ஆகும், இரண்டு மூன்று மாதம் வரைகூட. அது ஒரு தகட்டின் எல்லையைத் தாண்டாது. அப்படி ஒன்று இன்னும் இருந்தால் அதை யாரும் அழுத்தவோ தேய்க்கவோ கூடாது, பாட்டியானாலும் சரி, ஆஸ்டியோபதியானாலும் சரி.

ஆக, பிரசவம் தலையில் விட்ட வடிவம் 9 வாரத்தில் மறைந்திருக்க வேண்டும். இப்போது உங்கள் கண்ணில் படுகிற வலப்பக்கத் தட்டை பிரசவத்தில் வந்ததல்ல, பிறகு வந்தது. கழுத்து வலப்பக்கமே திரும்புவதால் அந்த இடத்திலேயே படுத்துப் படுத்துத் தட்டையாகியிருக்கிறது. அவனைக் குளிப்பாட்டி முடி ஈரமாக இருக்கும்போது உச்சியிலிருந்து நேர் கீழே பாருங்கள், அல்லது ஒரு படம் எடுங்கள். வலது காது இடது காதைவிடச் சற்று முன்னால் தள்ளி, வலது நெற்றியும் லேசாக முன்னுக்கு வந்து, தலை சாய்ந்த கட்டம் போல இருந்தால் அது படுக்கையால் வந்த தட்டை. அதற்கு மாறாக, தட்டையான பக்கத்துக் காது பின்னுக்கு இழுபட்டிருந்தாலோ, தகடுகள் சேரும் கோட்டில் விரலுக்கு எலும்பு வரப்பு தட்டுப்பட்டாலோ, உச்சிக்குழி மிக முன்னதாக மூடிவிட்டாலோ, இணைப்புகள் காலத்துக்கு முன் ஒட்டிக்கொண்டனவா என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு வருவது அது. அதற்கென இங்கிலாந்தில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட், ஆக்ஸ்ஃபோர்டு, பர்மிங்காம், லிவர்பூல் ஆகிய நான்கு இடங்களில் சிறப்பு மையங்கள் உண்டு. கையால் தடவி அதைத் திறக்க முடியாது.

படுக்கைத் தட்டை மூளையை நெரிக்காது. பிறக்கும்போது 35 செ.மீ. சுற்றளவுள்ள தலை ஒரு வயதில் 46 செ.மீ. அளவுக்கு வருகிறது. உள்ளே வளரும் மூளை எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுகிறது. வெளியே எந்த இடத்தில் படுக்கை தடுக்கிறதோ அங்கே மட்டும் வளர்ச்சி நின்று, தடுக்காத பக்கம் போய்விடுகிறது. படுக்கும் பக்கத்தை மாற்றினால் அதே வளர்ச்சி தட்டையை நிரப்பும். வேகமாக வளரும் இந்த முதல் மாதங்களில் செய்தால் பலன் அதிகம். உட்காரத் தொடங்கிய பிறகு பெரும்பாலும் தானாகவே குறைந்து, முடி வளர்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். யாராவது 2,000 பவுண்டுக்கு மேல் கேட்டு, தலையின் வடிவைத் திருத்த ஹெல்மெட் போடச் சொன்னால், நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வை நினைவில் கொள்ளுங்கள். ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதமும் போடாதவர்களில் 23 சதவீதமும் இரண்டு வயதில் முழுவதும் சரியாகியிருந்தார்கள். அந்த வித்தியாசத்தில் பொருளில்லை. கடுகுத் தலையணையும் வேண்டாம். ஒரு வயது வரை தொட்டிலில் எந்தத் தலையணையும் கூடாது, மூச்சு அடைபடும்.

இப்போது நீங்கள் கேட்ட கிரேனியல் ஆஸ்டியோபதி. ஆஸ்டியோபதி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தோன்றியது. அங்கே கர்க்ஸ்வில் கல்லூரியில் படித்த வில்லியம் சதர்லேண்ட், பிரித்து வைத்த மண்டையோட்டில் பொட்டெலும்பின் ஓரம் மீனின் செவுள் போலச் சரிந்திருப்பதைப் பார்த்து, 'இது அசைவதற்காகவே அமைந்தது' என்று எண்ணினார். மண்டை எலும்புகளும் மூளைத் தண்டுவட நீரும் ஒரு தாளத்தில் அசைகின்றன, அந்தத் தாளத்தைக் கையால் உணரலாம், தடைபட்டால் விடுவிக்கலாம் என்ற கொள்கை அதிலிருந்து வளர்ந்தது. குழந்தைகளுக்கு அவர்கள் சொல்லும் விளக்கம் இன்னும் நுட்பமானது. பிடரி எலும்பு பிறக்கும்போது நான்கு துண்டுகளாக, இடையில் குருத்தெலும்போடு இருக்கிறது. அது உண்மை. பிரசவத்தில் அந்தத் துண்டுகள் நெருங்கி, மண்டையின் அடியில் வெளியேறும், குரல்வளைக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பையும் நாக்கு நரம்பையும் அழுத்துகின்றன, அதனால்தான் வயிற்று வலியும் உறிஞ்சும் சிரமமும் என்கிறார்கள். இதற்குச் சான்று இல்லை. அந்த நரம்புகள் உண்மையிலேயே நசுங்கினால் அழுகைக் குரல் கம்மும், விழுங்கும்போது புரையேறும், நாக்கு ஒரு பக்கம் கோணும். ஐந்து மணி நேரம் கணீரென்று அழுகிற, இடது மார்பில் ஒழுங்காகக் குடிக்கிற, எடை ஏறுகிற பிள்ளைக்கு அந்த நரம்புகள் நன்றாகவே வேலை செய்கின்றன.

அந்தத் தாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளை இரண்டு பயிற்சியாளர்கள் தொட்டுப் பார்த்து எண்ணிய ஆய்வுகளில் இருவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. கையில் படுவது தொடுபவரின் சொந்த நாடியா, எதிர்பார்ப்பா, வேறு எதுவா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பலன் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி, அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அழுகை குறைந்ததாகச் சொன்ன 2006ஆம் ஆண்டின் சிறிய ஆய்வில் 28 குழந்தைகள். யாருக்குச் சிகிச்சை நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியும், அழுத நேரத்தைக் குறித்தவர்களும் அவர்களே. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு, கையால் செய்யும் வைத்தியங்களைப் பற்றிய 6 ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. யாருக்குச் சிகிச்சை நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியாதபடி நடந்த ஆய்வுகளை மட்டும் பிரித்து எடுத்தபோது, பலன் உறுதியாக நிற்கவில்லை. இங்கிலாந்தில் பெருமூளை வாதமுள்ள 142 பிள்ளைகளை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. உடல் இயக்கம், வலி, தூக்கம் எதிலும் வேறுபாடு இல்லை; ஆனால் 'பிள்ளை முன்பைவிட நன்றாக இருக்கிறான்' என்று சொன்ன பெற்றோர் சிகிச்சை பெற்ற பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்கள் பொய் சொல்லவில்லை. நம்பிக்கை வந்தால் பிள்ளையைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கமே வளைந்து கிடக்கும் 32 குழந்தைகளை வைத்து ஜெர்மனியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஆஸ்டியோபதி பெற்றவர்களின் வளைவு, வெறுமனே தொடப்பட்டவர்களைவிட அதிகம் குறைந்தது. சிறியதுதான், ஆனாலும் ஒதுக்கத் தக்கதல்ல. கழுத்தையும் முதுகையும் தளர்த்தும் கை வேலை இறுகிய தசைக்கு உதவலாம் என்பதைத்தான் அது காட்டுகிறது. மண்டை எலும்பு நகர்ந்தது என்று அது காட்டவில்லை. கழுத்துத் தசைக்கான வேலையை என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) பிசியோதெரபிஸ்ட் கட்டணமின்றிச் செய்கிறார், வீட்டில் தினமும் தொடர உங்களுக்கும் கற்றுத் தருகிறார்.

அப்படியானால் ஆஸ்டியோபதிக்குப் போன பிள்ளைகளெல்லாம் ஏன் சரியானார்கள்? காலத்தைப் பாருங்கள். குழந்தையின் அழுகை இரண்டாம் வாரம் முதல் ஏறி, 6ஆம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 3 முதல் 4 மாதத்தில் அடங்குகிறது. ஆஸ்டியோபதி படித்தவரிடம் போனாலும், உரம் எடுப்பவரிடம் போனாலும், யாரிடமும் போகாவிட்டாலும் அப்படித்தான். தாங்க முடியாத உச்சத்தில்தான் தாய்மார் வழி தேடுகிறார்கள். 9ஆம் வாரத்தில் தொடங்கி வாரம் ஒரு முறையாக 6 முறை போனால் 14, 15 வாரம் ஆகிவிடும். அழுகை தானே அடங்கும் வாரமும் அதுவே. கொடுத்த 390 பவுண்டுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவீர்கள்.

அழுகையைப் பற்றி ஒன்று மட்டும். இவற்றில் எதைக் கண்டாலும் அது சாதாரண சாயங்கால அழுகை அல்ல: 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் (3 மாதத்துக்குள் இது எப்போதும் அவசரம்), பச்சை நிற வாந்தி, பீறிட்டு அடிக்கும் வாந்தி, மலத்தில் இரத்தம், புடைத்த உச்சிக்குழி, துவண்ட உடம்பு, தொடைமடிப்பில் கெட்டியான வீக்கம், விரலில் முடி சுற்றிச் சிவந்திருப்பது. உடனே 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள், பச்சை நிற வாந்தி என்றாலோ துவண்டு கிடந்தாலோ 999 என்ற அவசர எண்ணை. தோல் தடிப்பும் சளி கலந்த மலமும் சேர்ந்து இருந்தால் பசும்பால் ஒவ்வாமையைப் பற்றி ஜி.பி.யிடம் கேளுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் நிமிர்த்திப் பிடிப்பது, நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு நடப்பது, இருட்டறை, வெதுவெதுப்பான நீரில் குளியல் இவற்றில் எது ஒத்துவருகிறதோ அது. வசம்பு உரைத்து நாக்கில் தடவ வேண்டாம். உங்களுக்கே பொறுக்க முடியாமல் போகும் இரவில், பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் வேறு அறையில் இருங்கள். தொட்டிலில் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

மாமியார் சொன்ன சேலை உருட்டலுக்கு என் பதில், கண்டிப்பாக வேண்டாம். கழுத்து நிற்காத பிள்ளையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகவும் கனமானது. இருவர் சேலையைப் பிடித்து உருட்டும்போது தலை இங்குமங்கும் வீசப்படுகிறது. மூளையையும் மண்டையையும் இணைக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் கிழியக்கூடும். அவரிடம் 'அது மூடநம்பிக்கை' என்று சொல்ல வேண்டியதில்லை. "நீங்கள் சொன்னது சரிதான் அத்தை, கழுத்துத் தசைதான் பிடித்திருக்கிறது, அதற்கு இங்கே பயிற்சி தருகிறார்கள்" என்று சொல்லி பிசியோதெரபிக்கு அவரையும் அழைத்துப் போங்கள். குளிப்பாட்டும் முன் கை கால் முதுகில் இதமாக எண்ணெய் தேய்ப்பதற்குத் தடையில்லை. தலையை அழுத்தி உருட்டுவதும், மூக்கைப் பிடித்து நீவுவதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு முறை ஆஸ்டியோபதியிடம் போய்ப் பார்க்கத் தோன்றினால், உங்களைத் தடுக்க மாட்டேன். தலையில் கை வைத்து மிக மெல்லத் தொடும் அந்த முறையால் மட்டும் ஆபத்து மிகக் குறைவு. பிசியோதெரபி தேதியை வாங்கிய பிறகு போங்கள், அதற்குப் பதிலாக அல்ல. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிந்தவர் மட்டுமே 'ஆஸ்டியோபத்' என்று தன்னை அழைத்துக்கொள்ள முடியும். பெயரை அதன் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். 'கிரேனியோசேக்ரல் தெரபிஸ்ட்' என்ற பெயருக்கு அப்படிச் சட்டக் காப்பு இல்லை, யாரும் வைத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தில் அத்தகைய ஒருவர் கழுத்தையும் முதுகையும் பலமாக வளைத்ததில் 3 மாதக் குழந்தை ஒன்று இறந்தது 2009இல் அந்நாட்டு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

போகும் முன் தொலைபேசியிலேயே கேளுங்கள்: கழுத்தைச் சொடுக்குவீர்களா, முதுகை வளைப்பீர்களா? ஆம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 6 முறைக்கு முன்பணம் கட்டாதீர்கள். என்ன கண்டீர்கள் என்று ஜி.பி.க்குக் கடிதம் தருவீர்களா என்று கேளுங்கள். நல்லவர் தயங்க மாட்டார், கழுத்து இறுக்கத்தைக் கண்டால் அவரே பிசியோதெரபிக்கும் போகச் சொல்வார். பிள்ளை உங்கள் மடியிலேயே இருக்கட்டும். தடுப்பூசியைத் தள்ளிப் போடச் சொன்னாலோ, குப்புறப் படுக்க வைக்கச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். 8 வாரத் தடுப்பூசி இன்னும் போடவில்லையென்றால் அதை முதலில் போடுங்கள்.

மூளை வளர்ச்சி பற்றிக் கேட்டீர்கள். பிறந்ததும் அழுதான், உங்களோடு வார்டுக்கு வந்தான், வலிப்பு வந்ததாக நீங்கள் எழுதவில்லை. பிரசவத்தில் மூளைக்கு ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். 6 மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்வித்து 72 மணி நேரம் தீவிர சிகிச்சையில் வைத்திருப்பார்கள். அது நடக்கவில்லை என்பதே நல்ல செய்தி. இனி பார்க்க வேண்டியவை: முகம் பார்த்துச் சிரிக்கிறானா, இரண்டு கையையும் ஒரே அளவில் ஆட்டுகிறானா, 3 மாதத்துக்குப் பிறகும் ஒரு கை முஷ்டி இறுகியே இருக்கிறதா. ஒரு கை தொங்கினால் காத்திருக்காதீர்கள், தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதைக் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. ஆஸ்டியோபதி அறையில் பல தாய்மாருக்கு ஆறுதல் கிடைப்பதற்கு ஒரு காரணம், அங்கே ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பிரசவக் கதையை முழுக்கக் கேட்கிறார். பத்து நிமிட ஜி.பி. சந்திப்பில் அது கிடைப்பதில்லை. அது எங்கள் தரப்புக் குறை. நீங்கள் பிரசவித்த மருத்துவமனையின் மகப்பேறு பிரிவை அழைத்து, பிரசவக் குறிப்புகளை மருத்துவச்சியோடு சேர்ந்து வாசித்துப் பார்க்க ஒரு சந்திப்பு வேண்டும் என்று கேளுங்கள். பல மருத்துவமனைகளில் இந்தச் சேவை உண்டு, கட்டணம் இல்லை. கிண்ணம் ஏன் கழன்றது, எந்த நிமிடத்தில் ஏன் ஆயுதம் எடுத்தார்கள் என்று வரிக்கு வரி கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தக் காட்சி தூக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, பிள்ளை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லை என்றால், அதை உங்களுடைய பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனையில் ஜி.பி.யிடம் பிள்ளையின் கழுத்தைச் சொல்லும் அதே தெளிவோடு சொல்லுங்கள்.